மாத்திரைக்கு முன்னா, பின்னா?

போன மாதம் ஒரு நாள், திருப்பதியில் என் மகள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் ஐஸ் பெட்டி, கழுத்தில் அடையாள அட்டை, நிற்கும்போதே கிளம்புகிற அவசரம். தைராய்டுக்கு ரத்தம் எடுக்க வந்திருந்தாள். எனக்குத்தான். ஊரார் கழுத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவளின் கழுத்தில் கடைசிக் காலத்தில் அதே தைராய்டு வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் வந்தபோது மணி பத்தரை. நான் காலையிலேயே மாத்திரையைப் போட்டு, இட்லியும் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

"மாத்திரெ போட்டுட்டேம்மா. நாளைக்கு விடியக்காலம் வா" என்றேன்.

"பர்வாலேது பெத்தம்மா. எந்த டைம்னாலும் ஒண்ணுதான். எல்லாம் மெஷின் பாத்துக்கும்" என்றாள் அந்தத் தெலுங்குப் பெண்.

மெஷின் பார்த்துக்கொள்ளுமாம்! "நான் எப்ப மாத்திரெ போட்டேன்னு ஒன் மெஷினுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். மகள் என்னைக் கடிந்துகொண்டாள். மறுநாள் விடிந்ததும் அந்தப் பெண்ணே வந்தாள். ஊசி குத்திப் பஞ்சை அழுத்தியதும், நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த மாத்திரையை எடுத்து அவள் கண்ணெதிரே விழுங்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எந்த ஊர் வழக்கம் பெத்தம்மா? எழுதிக் குடுங்க, எங்க லேப் பிள்ளைங்க எல்லாம் படிக்கட்டும்" என்றாள்.

எழுதுகிறேன். படித்துவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். நான் வேலை பார்த்த காலத்திலும் பலர் சுளித்தார்கள். அதனால் நான் ஒரு சுற்று இளைத்துவிடவில்லை.

என் பெயர் சுகிர்தம். சித்தூர் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியனாக அறுபதுகளில் சேர்ந்து, கிழவியாகித்தான் வெளியே வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'ரிட்டர்ன் சுகிர்தம்'. வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறவள் என்று பொருள். வார்டு பாய் முதல் சூப்பரின்டெண்டு வரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எனக்கு அதில் வெட்கமே இல்லை. ஆமாம், திருப்பி அனுப்பினேன். அதற்குத்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் நைனா எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலில் மணியடிக்கிறவர். பெண்ணை நர்ஸாக்க ஆசைப்பட்டார். எனக்கு வார்டு பிடிக்கவில்லை. கண்ணாடிக் குழாய்கள் பிடித்தன. இரண்டு வருஷம் பாட்டில் கழுவினேன், ஒரு வருஷம் பரீட்சைக்குப் படித்தேன். அவ்வளவுதான்.

நான் சேர்ந்தபோது லேபுக்குத் தலைமை டாக்டர் வசுந்தரா. சந்திரகிரிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். தைராய்டு நோயாளிகளையும் அவரே பார்த்தார். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட நூல் சேலை, குரல் உயர்த்தத் தெரியாத வாய். ஆனால் அந்த வாயிலிருந்து "எப்புடு?" என்று ஒரு சொல் வந்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிர்வோம். தெலுங்கில் 'எப்போது?' என்று கேட்கிறார். ரத்தம் எடுத்தது எப்போது? அதற்கு முன் மாத்திரை போட்டது எப்போது? சாப்பிட்டது எப்போது? இந்த மூன்றுக்கும் பதில் வருகிற வரை எந்த ரிசல்ட்டையும் படிக்க மாட்டார். காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார். பதில் சொன்ன பிறகுதான் காகிதம் நிமிரும்.

ஒருமுறை துணிந்து காரணம் கேட்டேன். "நம்பரை முதல்ல பாத்துட்டா, மனசு அதுக்கு ஏத்த மாதிரி கதை கட்ட ஆரம்பிச்சிடும் சுகிர்தம். கதையை முதல்ல கேட்டுக்கினா, நம்பர் ஏமாத்த முடியாது" என்றார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் சொன்னார். நான் தமிழில் மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் தைராய்டு ஹார்மோனை நேரடியாக அளக்கும் வசதி எங்களுக்கு இல்லை. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அயோடினை அளந்து, அதிலிருந்து ஊகிப்பார்கள். அதுவும் மெட்ராஸில்தான் நடக்கும். ரத்தம் எடுப்பது, உறையவைப்பது, சீரம் பிரிப்பது, ஐஸில் வைத்து பஸ் ஏற்றுவது எங்கள் வேலை. அயோடினை அளக்கிற பரிசோதனை என்பதால் டிஞ்சர் அயோடின் பாட்டில் இருந்த அறைப் பக்கமே அந்தக் குழாய்கள் போகக் கூடாது. விரலில் வெட்டுக்காயம் பட்டு டிஞ்சர் தடவியிருந்தால் மேடம் லேப் படியேற விடமாட்டார். அயோடின் வேறு வழியில் உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று நோயாளியிடமும் கேட்க வேண்டும்: இருமல் மருந்து குடித்தாயா? பித்தப்பைக்கு மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்களா? கழுத்தில் யாராவது எதையாவது பூசினார்களா? ஒரு நாட்டு வைத்தியர் பூசிய மருந்தால் ஒருத்தியின் எண் வானத்துக்கு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். வியாதி அவள் கழுத்தில் இல்லை, அந்தப் பூச்சில் இருந்தது.

பிறகு எழுபதுகளின் கடைசியில் டி-ஃபோர் என்கிற தைராய்டு ஹார்மோனுக்கும், அதைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் டி.எஸ்.எச்.சுக்கும் நேரடிப் பரிசோதனைகள் மெட்ராஸில் வந்தன. டிஞ்சர் தொல்லை ஒழிந்தது. எல்லோரும் மூச்சுவிட்டோம். மேடம் மட்டும் விடவில்லை. "இனிமே தொல்லை பாட்டில்ல இல்ல, மாத்திரையில" என்றார்.

அது என்ன தொல்லை என்று இளைஞர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரை என்பது ஹார்மோனேதான். அதை விழுங்கிச் சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் டி-ஃபோர் உயர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் ஊசி குத்தினால் மாத்திரை அதிகம் போலத் தெரியும். அதை நம்பி டாக்டர் அளவைக் குறைத்தால், சரியாக இருந்த நோயாளி மறுபடியும் சரிவாள். டி.எஸ்.எச். அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஆகவே ஐஸ் பெட்டிப் பெண் சொன்னதில் பாதி சரி. பாதிச் சரியை வைத்துக்கொண்டு முழு மருந்தை எழுத முடியாது என்பது மேடத்தின் கட்சி. என் கட்சியும் அதுதான். முதலில் ரத்தம், பிறகு மாத்திரை. அளவை மாற்றினால் ஆறு, எட்டு வாரமாவது போன பிறகு அடுத்த பரிசோதனை. ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டும் பிளாஸ்டரில் பெயருக்குக் கீழே இரண்டு நேரங்கள்: ஊசியின் நேரம், கடைசி மாத்திரையின் நேரம். இரண்டில் ஒன்று இல்லாத குழாயை மேடம் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிடுவார். நோயாளி வாசலில் நின்றாலும் கவிழ்ப்பார்.

இதில் எங்கள் ஜனங்களுக்கு ஒரு சிக்கல். பிச்சாட்டூர், பாலசமுத்திரம் பக்கமிருந்து வருகிறவர்கள் இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி, உச்சி வெயிலில் வந்து சேர்வார்கள். மாத்திரையைத் தவறவிடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். நான் திருப்பி அனுப்புவேன். அப்படித்தான் பிச்சாட்டூர் கன்னியம்மாவையும் திருப்பினேன். அவள் புருஷன் ஓ.பி. முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"இன்னாம்மா நெனச்சிக்கினு கீற? பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி வந்துக்கீறோம், ஒரு சொட்டு ரத்தம் எடுக்க இம்மாம் பிகுவா? கூலி உட்டுட்டு வந்துக்கீறேன்!"

"கூலி போனது போனதுதான். ரத்தத்தையும் வீணாக்கணுமா? வார்டு பின்னால கூடம் கீது, ரெண்டு பேரும் படுங்க. காலைல மொத ஊசி ஒம் பொண்டாட்டிக்குத்தான்" என்றேன்.

அவன் சபித்துக்கொண்டே தங்கினான். கன்னியம்மாவுக்கு வேறு பயம். ஊசி குத்திய கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் மாத்திரை மறந்துபோகும் என்று, அதை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பல்லால் முடிச்சை அவிழ்த்து, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். மேடம் கதவோரம் நின்று பார்த்தார். மறுவாரத்திலிருந்து எல்லோரிடமும், "மாத்திரையை முடிச்சில கட்டிக்கினு வரணும், போட்டுக்கினு வரக் கூடாது" என்று சொல்லத் தொடங்கினார். முடிச்சு எங்கள் லேபின் சட்டமாகிவிட்டது. காலையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முந்தானையைப் பார்த்தே யார் ஒழுங்காக வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். படித்த பெண்கள் சிலர் கைப்பையில் கொண்டுவந்தார்கள். அவர்களையும் முடிச்சுப் போட வைத்தேன். திமிர் என்றார்கள். இருக்கட்டுமே.

இனி எஸ்தர் கதைக்கு வருகிறேன். எழுதச் சொன்னபோது முதலில் மனதில் வந்ததும் அவள்தான்.

எஸ்தர் எங்கள் சபைப் பெண். சபைக் கமிட்டி நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். புருஷன் இல்லை. அந்த வேலைதான் அவளுக்கும் அவள் தாய்க்கும் சோறு. நல்ல பாட்டுக்காரி. எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் குரல் கட்டத் தொடங்கியது. முகம் ஊதியது. வகுப்பிலேயே தூங்கி விழுந்தாள். அதைவிடக் கொடுமை, பிள்ளைகளின் பெயர் அவளுக்கு மறந்துபோனது. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பிள்ளையைப் பார்த்து, "ஒம் பேரு இன்னாடா?" என்று தினமும் கேட்டாள். பெற்றோர் வந்து புகார் செய்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு வரவேண்டாம், லீவில் இரு என்று கமிட்டி சொல்லிவிட்டது. சிலர் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். மேடம் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, முழங்காலில் சுத்தியலால் தட்டி, கால் மெதுவாக எழும்பி அதைவிட மெதுவாக இறங்குவதைக் காட்டினார். தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது என்றார். பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரை ஆரம்பித்தோம். தவக்காலம் முடிவதற்குள் முகம் வடிந்தது. ஈஸ்டர் ஆராதனையில் அவள் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. நான் அழுதேன், சொன்னால் என்ன?

பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டன்ட் தேவதாஸ் ஐயா. தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் பெரிய மனிதர். அவர் சொல்லி அனுப்பினார்: "ரத்தப் பரிசோதனையில சரியா கீதுன்னு பேப்பர் வரட்டும். ஸ்கூல் தெறக்கறதுக்கு முன்னாடி கமிட்டி கூடுது. பேப்பர் இருந்தா கிளாஸ் குடுக்கறோம்." மெட்ராஸிலிருந்து ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். ஆகவே மே மாதக் கடைசியில் ஒரு நாள் குறித்தோம். "காலைல மாத்திரெ போடாம வா எஸ்தரு" என்று நானே அவளிடம் சொன்னேன். காலையில் என்றுதான் சொன்னேன். இதை அழுத்திச் சொல்கிறேன், பின்னால் இது தகராறாகப் போகிறது.

குறித்த நாளில் அவள் வந்தாள். கூடவே தேவதாஸ் ஐயாவும் வந்தார். எஸ்தர் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், திருவிருந்துக்குப் போகிறவளைப் போல. முகம் சற்று உப்பியிருந்தது. பெஞ்சில் இருந்த மற்ற பெண்களின் முந்தானையில் முடிச்சு இருந்தது. அவள் முந்தானை மழமழவென்று தொங்கியது.

ஸ்டெரிலைசரிலிருந்து ஊசியை எடுத்தவள் அப்படியே நின்றேன்.

"முடிச்சு எங்க எஸ்தரு?"

"எதுக்குக்கா முடிச்சு? மாத்திரெதான் தொடறதே இல்லியே."

"எப்பலேர்ந்து?"

"மொத ஞாயித்துக்கெழம திருவிருந்து எடுத்தேன்ல, அன்னிலேர்ந்து. மூணு வாரம் ஆச்சு. சுத்தமா வந்துக்கீறேங்கா. நேத்திலேர்ந்து ஒண்ணுமே துன்னல."

மெதுவாகக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். எங்கள் சபையில் திருவிருந்து, அதாவது கர்த்தரின் அப்பமும் திராட்சரசமும், எடுப்பதற்கு முன்னால் ஆயத்தம் செய்வது வழக்கம். சனிக்கிழமை ஆயத்த ஆராதனை, உபவாசம், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் போய்ச் சமாதானம். வெறும் வயிற்றோடும் சுத்த மனதோடும்தான் பாத்திரத்தண்டை போக வேண்டும். நான் சொன்ன 'காலையில் மாத்திரை போடாமல் வா' என்பது மாதர் சங்கத்துக்குள் போய், அங்கே பெரியவர்கள் வாயில் உருண்டு, திருவிருந்துக்கு ஆயத்தம் செய்வது போல ரத்தத்துக்கும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. மாத்திரை கலந்த ரத்தம் அசுத்த ரத்தம். சுத்த ரத்தம் கொடுத்தால்தான் சுகம் தெரியும். ஆகவே மருந்தை நிறுத்து. எஸ்தர் பக்தியோடு நிறுத்தியிருக்கிறாள். எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அத்தனை ஒழுங்காகச் செய்த தப்பு!

நான் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தேன். "நான் எடுக்க மாட்டேன்."

தேவதாஸ் ஐயா எழுந்து வந்தார். "இன்னாம்மா சுகிர்தம்? மாத்திரெ இல்லாமலே சரியா கீதான்னு தெரியட்டுமே. அதான நல்லது? உண்மெ வெளிய வரட்டும்."

"இது மாத்திரெ நின்னுபோன ரத்தம் ஐயா. அதுல வர்ற நம்பரு கெட்டதாத்தான் வரும். அதப் பாத்துட்டு நீங்க வேல இல்லன்னுவீங்க."

"ரிசல்ட்டு எப்பிடி வரும்னு நீயே சொல்லிட்டா அப்புறம் மெட்ராஸ் எதுக்கு? எடும்மா, நேரமாவுது."

"எடுக்க மாட்டேன் ஐயா."

சத்தம் கேட்டு மேடம் வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எஸ்தரைப் பார்த்து, "எப்புடு?" என்றார். எஸ்தர் சொன்னாள். மேடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எடு சுகிர்தம்."

"மேடம்!"

"மூணு வாரம் மாத்திரை இல்லாம எவ்வளவு தூரம் போயிருக்குன்னு எனக்குத் தெரியணும். இன்னிக்கு ஒண்ணு, மாத்திரை ஆரம்பிச்சு எட்டு வாரம் கழிச்சு ஒண்ணு. ரத்தம் பொய் சொல்லாதும்மா. படிக்கிறவங்கதான் சொல்லுவாங்க."

அவர் சொன்னது சரிதான். டாக்டராக அவருக்கு அந்த எண் உபயோகமானது. ஆனால் படிக்கப்போகிறவர் பக்கத்திலேயே நிற்கிறாரே! "மேடம், நம்ம பிளாஸ்டர்ல எப்புடுன்னு எழுதியிருக்கும். ரிசல்ட் பேப்பர்ல நம்பர் மட்டுந்தான் இருக்கும். பேப்பர்தான் கமிட்டிக்குப் போவுது, பிளாஸ்டர் போவாது" என்றேன். அத்தனை பேர் முன்னால் அவருக்கு எதிர்ப்பேச்சு பேசியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் பேசினேன்.

மேடம் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபமா, யோசனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு என்னையும் விட்டார், ஐயாவையும் விட்டார். எஸ்தர் பக்கம் திரும்பி, "கை உன்னோடது. நீ சொல்லும்மா" என்றார்.

எஸ்தர் ரப்பர் குழாய் கட்டுவதற்காக ஏற்றிவிட்டிருந்த ரவிக்கைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டாள். "வேணாங்க டாக்டரம்மா. எட்டு வாரம் கழிச்சு வர்றேன்."

"அப்போ ஸ்கூல் தெறக்கும்போது ஒனக்கு கிளாஸ் கெடையாது. வேற டீச்சரம்மாவப் போட்டுடுவோம். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார் ஐயா. அவர் கெட்ட மனிதர் இல்லை. காகிதம் இருந்தால் நம்புவார், இல்லையென்றால் நம்ப மாட்டார். அப்படியே வேலை பார்த்துப் பழகியவர். எஸ்தர் தலையாட்டினாள். அன்றைக்கே மேடம் மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு நல்ல பூஜை நடந்தது. டாக்டர் உத்தரவை மறுத்ததற்கு விளக்கம் கேட்டு சூப்பரின்டெண்டு மெமோ கொடுத்தார். ஐயாதான் புகார் செய்திருந்தார், மேடம் இல்லை. "மாத்திரை நின்ற ரத்தம். எடுக்கவில்லை. மறுபடியும் இப்படி வந்தால் மறுபடியும் எடுக்க மாட்டேன்" என்று எழுதி நீட்டினேன். வேறு சமாதானம் எழுது என்றார்கள். என்னிடம் வேறு சமாதானம் இல்லை என்றேன்.

சபையிலோ பழி முழுக்க என்மேல். "மாத்திரெ போடாதன்னு சொன்னதே இவதான்! இப்ப ரத்தமும் எடுக்க மாட்டேன்னுட்டா. ஒரு பொண்ணு பொழப்பக் கெடுத்துட்டா" என்று பேசினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன்: "காலைலன்னு சொன்னேன். அந்தக் காலை எப்பிடிம்மா மூணு வாரம் ஆச்சு? திருவிருந்துக்கு மனச சுத்தம் பண்ணுங்க, நானும் பண்றேன். மாத்திரெ அழுக்கு இல்ல. அது இல்லாம ஒடம்பு ஓடாது. அன்னிக்கு ஒரு காலை மட்டும், ரத்தம் எடுக்கற வரைக்கும் முடிச்சில இருக்கட்டும். எடுத்த ஒடனே வாயில போவட்டும்." சொல்லிவிட்டு ஒரு அரிசியை முந்தானையில் முடிந்து, அவிழ்த்துக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பின்னாளில் முடிச்சோடு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. வேறு டீச்சர் வந்தாள். எஸ்தர் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டாள். இரண்டு வீட்டில் துணி தைத்துக் கொடுத்தாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் தாய் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். அந்த எட்டு வாரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லி மாளாது. எண் சரியாக வராமல் போனால்? அப்போதும் நான் செய்தது சரிதான். ஆனால் அந்தச் சரியை எஸ்தர் வீட்டு உலையில் போட்டுப் பொங்க முடியாதே.

எட்டு வாரம் கழித்து அவள் வந்தாள். முந்தானையில் முடிச்சு. நானே குத்தினேன். குழாயை ரேக்கில் நிறுத்தி உறையவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே தெளிந்த சீரத்தைச் சொட்டு சிந்தாமல் உறிஞ்சி வேறு குழாயில் விட்டேன். பிளாஸ்டரில் இரண்டு நேரங்களையும் எழுதி, ஐஸ் நிரப்பிய தெர்மாஸில் வைத்து, மெட்ராஸ் பஸ் கண்டக்டர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கமாக ப்யூன் போவான். அன்றைக்கு அவனை நம்பவில்லை.

ரிசல்ட் வந்ததும் மேடம் அதைக் கவிழ்த்து வைத்து உள்ளங்கையைப் பதித்தார். "எப்புடு?"

"மாத்திரைக்கு முன்னாடி மேடம். கடைசி மாத்திரை முந்தின நாள் காலைல. விட்டது ஒரு நாளும் இல்ல."

காகிதம் நிமிர்ந்தது. படித்தார். எஸ்தரைக் கூப்பிட்டு அவள் கையிலேயே கொடுத்தார். "பாகுந்தி. நல்லா இருக்கு. இதே மாத்திரை, இதே அளவு. நிறுத்தாதே." என்னைப் பார்த்து, "அன்னிக்கும் நீ எடுத்திருக்கணும்" என்றார். நான், "எடுக்க மாட்டேன் மேடம்" என்றேன். அவர் ஓய்வு பெற்றுப் போகிற நாள் வரை இந்த இரண்டு வாக்கியமும் எங்களுக்குள் நடந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

எஸ்தர் கமிட்டியைப் பார்க்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலேயே, ஓரத்து அறையில் கூடியிருந்தார்கள். தேவதாஸ் ஐயா நடுவில். மைதானத்தில் காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். போன வருஷம் அவள் பெயர் மறந்த அதே பிள்ளைகள் இப்போது மூன்றாம் வகுப்பு வரிசையில்.

"பேப்பர் வந்துச்சா?" என்று ஐயா கை நீட்டினார்.

"வந்துச்சுங்க ஐயா" என்றாள் எஸ்தர். காகிதம் அவள் கையில் இருந்தது. ஆனால் கொடுக்கவில்லை. திரும்பி நடந்து, கதவைத் தாண்டிப் படியில் போய் நின்றாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கும் தெரியாது.

"செல்வராஜ்!" என்று கூப்பிட்டாள். அந்தப் பழைய பாட்டுக்காரிக் குரல், மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போனது.

வரிசையில் ஒரு தலை திரும்பியது. "உள்ளேன் டீச்சர்!"

"மேரி புஷ்பம்! குப்பன்! ரெபேக்கா! முனிரத்தினம்!" ஒரு பதிவேடும் இல்லை, ஒரு சீட்டும் இல்லை. வரிசையின் முதல் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரை ஒவ்வொரு பெயராக, நிற்காமல், தடுமாறாமல் கூப்பிட்டாள். "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. "ஏசையன் எங்க? பாலசமுத்திரத்துக்கு மாமன் வூட்டுக்குப் போயிட்டானா?" என்று அவளே கேட்டாள். "ஆமா டீச்சர்!" என்று மொத்த வரிசையும் கத்தியது. கமிட்டிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து கதவருகே வந்திருந்தார்கள்.

அவள் உள்ளே திரும்பி வந்தாள். காகிதத்தைச் சின்னதாக மடித்தாள். மாத்திரை முடிகிற அதே முந்தானை நுனியில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இது எனக்கு எத்தினி மாத்திரெ வேணும்னு டாக்டரம்மா தெரிஞ்சிக்கிற பேப்பருங்க ஐயா. நான் டீச்சரா இல்லியான்னு சொல்ற பேப்பரு இல்ல."

எனக்கு முதலில் பகீரென்றது. அந்தக் காகிதத்துக்காகத்தானே நான் மெமோ வாங்கினேன், சபையில் பேச்சு வாங்கினேன்? அதை ஒருத்தரும் பார்க்காமல் முடிந்துகொண்டாளே! அப்புறம் எனக்கே உறைத்தது. மேடம் அன்றைக்குக் 'கை உன்னோடது' என்றாரே, காகிதமும் அந்தக் கைக்குச் சொந்தக்காரியுடையதுதான். ஐயா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். "திங்கக்கெழமலேர்ந்து கிளாஸுக்கு வந்துடும்மா" என்றார்.

வெளியே வரும்போது அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பழக்கம் விடவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார். "சுகிர்தம், நீயாவது சொல்லு. ரிசல்ட்டு இன்னாதான் வந்துது?"

"இப்பதான ஐயா ஒவ்வொரு பேரா காதால கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு, என் பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.